கலந்தவரும் ஒட்டவைத்தவரும்

தோழனே,

இன்று திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் தார் காய்ச்சுகிறார்கள். கூட்டத்தில் பேசப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த நெடி உன் ஆய்வுக்கூடத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. கூடவே, உன்மேல் ஆறாத சினத்தையும். நீ மறைந்த பிறகும் உன்னோடு வழக்காடுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.

நிலப்போராட்டம் ஓய்ந்து, கூலிகளாய் இருந்தவர் கைக்குத் துண்டு துண்டாய் வயல் வந்த காலம் அது. அவர்கள் சங்கம் கூடிக் கொட்டகை ஒன்று போட்டார்கள். மண்ணெண்ணெயில் இளக்கிய தாரை யூரியா மணிகளின்மேல் மெல்லப் பூசி, வேப்பம்பிண்ணாக்குத் தூளைப் படியவைத்து விற்றார்கள். வயல்நீரில் விரைந்து கரைந்து வீணாகாத உரம். அந்தச் செய்முறைக்குத்தான் ஒரு நிறுவனம் காப்புரிமை கேட்டிருந்தது. கிடைத்துவிட்டால் கொட்டகையை மூடவேண்டும். எதிர்த்து முறையிட்டோம். வேதியியல் அறிந்தவனாய்ச் சான்றுரை தரவேண்டியவன் நீ.

சங்கத் தலைவர் மாரிமுத்து உன்னிடம் கேட்டார்: "பிண்ணாக்க யூரியாவோட கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடிவெச்சு, மறுநாள் வயல்ல வீசுறது எங்க வழக்கந்தானுங்களே. இதுல அவங்க புதுசா என்னங்க கண்டுட்டாங்க?"

"நீங்க கலந்தீங்க. அவங்க ஒட்டவெச்சாங்க," என்றாய்.

நான் கொதித்தேன். பிண்ணாக்கின் பயன் உழவருக்குத் தெரியும். தார் பூசுவது பற்றி அயல்நாட்டு ஆய்வுத்தாளே வந்திருக்கிறது. இரண்டையும் சேர்க்க என்ன பேரறிவு வேண்டும்? நீ அந்தத் தாளை என்முன் தள்ளினாய். தார் பூசினால் மணிகள் கட்டிதட்டும், அவ்வழி வேண்டா என்றே அது எச்சரித்திருந்தது.

"இதப் படிச்சவன் தார்ச்சட்டியத் தொடவே மாட்டான்டா. மேல தூள் படிஞ்சா கட்டிதட்டாதுன்னு அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நம்ம சங்கம் கம்பெனி மூட்டையப் பிரிச்சுப் பாத்தப்புறம்தானே தார் வாங்குச்சு?"

"பாத்த உடனே புரிஞ்சுதுல்ல? அப்ப யாருக்கும் தோணக்கூடியதுதானே?" என்றேன்.

"விடையப் பாத்துட்டா எல்லாக் கணக்கும் சுலபம்தான். கைதட்டு வாங்குற பேச்சு காப்புரிமை அலுவலகத்துல செல்லாது, பேச்சாளரே."

கையெழுத்திட மறுத்துவிட்டாய். நீ இல்லாமலே விசாரணைக்குச் சென்னை போனோம். நீ காட்டிய அதே தாளை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டியது. தோற்றோம். கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. நிலம் பெற்றவர்கள் உரத்திற்கு மறுபடியும் பிறரை அண்டினார்கள். உன் நேர்மை யாருக்குச் சோறு போட்டது? நீ கையெழுத்திட்டிருந்தாலும் தோற்றிருப்போம் என்பதை அறிவேன். அறிந்தும் நெஞ்சு அடங்கவில்லை.

அந்தக் காப்புரிமையின் காலம் என்றோ முடிந்துவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். செய்வதற்குத்தான் சங்கம் இல்லை.

முன்வரிசையில் வந்து அமரும் மாரிமுத்து, சென்ற கூட்டம் முடிந்ததும் கேட்டார்: "அய்யா, அன்னைக்கு நாம தோத்தது நியாயந்தானுங்களா?"

முறையற்றது என்று முழங்க வாய் திறந்தேன். நீ தள்ளிய தாள் கண்முன் வந்தது. முறைதான் என்று சொல்லவோ, அவர் முகம் இடங்கொடுக்கவில்லை. ஒலிபெருக்கியை இன்னும் அணைக்கவில்லை. கைநீட்டி அதை அணைத்தேன்.