மாமன் காதுக்கு முதல் குத்து

மைனி,

இன்று காலை குலசாமி கோயிலில் பேத்திக்குச் சுற்றிப்போட்ட மிளகாய் வற்றலை யாரோ அடுப்பில் போட்டுவிட்டார்கள். விளாத்திகுளத்து வற்றல், நெடி சும்மா விடுமா? பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை இருமினார்கள். நான் மட்டும் இருமிக்கொண்டே சிரித்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு நம் வீட்டில் நடக்கும் முதல் காதுகுத்து இது. நீங்கள் இல்லையே என்று காலையிலிருந்து கனத்த மனசை அந்த நெடிதான் லேசாக்கியது.

என் செல்விக்கு மூன்று வயதில் வந்த பொங்கல் ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் அண்ணனும் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி, கரும்பும் பாவாடையுமாகப் பொங்கல் சீர் கொண்டு பசுவந்தனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "வாத்தா மருமகளே" என்று அண்ணன் கையை நீட்டியதுதான் தாமதம். பாவாடையைப் பிடுங்கி மாட்டுத்தொட்டியில் எறிந்தாள். தூக்கப் போனவர் கையைக் கடித்தாள், பல் பதிய.

மாமியார் வற்றலும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். கண்ணேறு இருந்தால் நெடி வராது என்பார்கள். அன்று வீடே இருமியது. கண்ணேறு இல்லை என்று வற்றலே சொல்லியும் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "வத்தல் புதுசு, அதான் காறுது" என்றார்.

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "இனிமே சீரை நீயே கொண்டாந்து குடு. நான் வரல. பிள்ளைக்கே ஆகலைன்னா எனக்கென்ன மாமன் முறை?" என்று உங்களிடம் சொன்னார். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் படியேறாத வீட்டில் எனக்கு ஏது பொங்கல்? ஆத்திரத்தில் மகளை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். நீங்கள்தான் பிடித்தீர்கள்.

"கொஞ்சம் பொறு, ஏட்டி. பிள்ளை சும்மா கடிக்குமா? எறும்புகூட மிதிச்சாத்தான் கடிக்கும்."

அதற்குள் செல்வி கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். அவள் பின்னாலேயே போன நீங்கள், கொஞ்ச நேரத்தில் வாயில் விரல் வைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். அடுப்பெரிக்க அடுக்கிவைத்த பருத்திமார்ப் படப்புக்குப் பின்னால் அவள் தன் மரப்பாச்சியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு கையில் விளக்குமாற்றுக் குச்சி. "மாமா மடில இருத்தா. ஒண்ணுஞ் செய்யாது, ஒண்ணுஞ் செய்யாது" என்று கொஞ்சிக்கொண்டே, பொம்மையின் காதில் குச்சியை வைத்து ஒரே அழுத்து. பிறகு பொம்மைக்காக அவளே வீறிட்டாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நீங்கள் என் காதோடு சொன்னீர்கள்: "கார்த்திகையில காது குத்தும்போது உங்க அண்ணன் என்ன சொன்னாவ? ஒண்ணுஞ் செய்யாதுன்னுதான? சொல்லிக்கிட்டேதான அமுக்கிப் பிடிச்சாவ? அன்னைக்கும் புதுப் பாவாடைதான் போட்டு விட்டோம். இன்னைக்கும் அதே மாமன், அதே மாதிரி பாவாடை. பிள்ளை என்னன்னு நினைக்கும்?"

மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவதை நாம் எல்லோரும் பெருமை என்று நினைத்திருந்தோம். அவளுக்கு அது தன்னை ஏமாற்றிய மடி. எவ்வளவு எளிய விஷயம், மைனி! அத்தனை பெரியவர்கள் கூடி நின்றும் நமக்குத் தெரியவில்லை.

நேரே உள்ளே போய் அண்ணனைக் கொல்லைக்கு இழுத்து வந்தீர்கள். அவள் மடியில் தலையை வைக்கச் சொன்னீர்கள். "இம்புட்டுப் பிள்ளை மடிலயா? ஆளுக பாத்தா சிரிப்பாவ" என்று மீசையை நீவினார்.

"குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைம்பீயளே, இன்னைக்குக் கொஞ்சம் ஒட்டட்டும். படுங்க."

படுத்தார். அந்த ஆகிருதியும் மீசையும் கரிசல் மண்ணில் கிடக்க, தலை மட்டும் செல்வியின் சின்ன மடியில். அவள் முதலில் பயந்து உங்களைப் பார்த்தாள். "குத்துத்தா, உன் முறை" என்றீர்கள். குச்சியை எடுத்தாள். ஆனால் பொம்மையிடம் சொன்னதை அவள் மாமனிடம் சொல்லவில்லை. அவர் காதைத் தடவிக்கொண்டே, "வலிக்கும் மாமா. பெறவு சரியாயிரும்" என்றாள்.

குச்சி தொட்டதும் தொடாததுமாக அண்ணன் போட்ட கூப்பாட்டில் தொழுவத்து மாடு எழுந்து நின்றது. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து அவர் காதில் ஊதினாள், நாம் அவளுக்கு ஊதியதைப்போலவே. வாயில் இருந்த கடலைமிட்டாயை எடுத்து அவர் வாயில் வைத்தாள். எச்சிலோடு மென்ற அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமாத்தா, வலிச்சிருக்கும். மாமன் பொய் சொல்லிட்டேன்" என்றார். தொட்டியில் ஊறிய பாவாடையை நீங்கள் அலசிக் கொடியில் போடும்போது அவள் அவர் தோளில் இருந்தாள்.

இன்று அந்தச் செல்வியின் மகளுக்குத்தான் காதுகுத்து. மடியில் வைக்க வேண்டியவன் என் மகன். ஆசாரி ஊசியை எடுத்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். மீசை முழுக்க நரைத்துவிட்டது, மைனி. "பொறுங்க ஆசாரி. முதல்ல மாமனுக்கு" என்று விளக்குமாற்றுக் குச்சியைப் பேத்தி கையில் கொடுத்தார். என் மகன் மறுபேச்சில்லாமல் அவள் மடியில் தலை சாய்த்தான். அவன் போட்ட சத்தத்தில் பிள்ளை கெக்கலி கொட்டினாள். அதன்பின் செல்வி அவளைத் தூக்கித் தம்பி மடியில் வைத்து, "வலிக்கும்த்தா. பெறவு சரியாயிரும்" என்றாள். வலித்தது, அழுதாள். ஆனால் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள்.

புதூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா வாய் பிளந்து பார்த்தார். "இது என்ன வழக்கம் அண்ணாச்சி? நாங்க கண்டதில்லையே?"

அண்ணன் கொஞ்சங்கூடச் சிரிக்காமல், "பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து எங்க குலத்து வழக்கம்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உங்களை நினைத்துத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை வீறிட்டாலும் என் கை ஓங்குவதில்லை. யார் மிதித்தது என்றுதான் தேடுகிறேன். அது நீங்கள் எனக்கு விட்டுப்போனது. அண்ணனுக்கு விட்டுப்போனதோ நம் வீட்டைத் தாண்டிப் புறப்பட்டுவிட்டது. சம்பந்தியம்மா பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்:

"நல்ல வழக்கமா இருக்கு. எங்கூர்லயும் இனி இப்படித்தான் செய்யச் சொல்லப்போறேன்."