டம்ளர் பழக்கிய வாரம்

6-6-73, புதன்
அனல். நாலு மணி வரை கடல் காற்றே இல்லை. திங்கட்கிழமை செங்கல்பட்டுப் பள்ளியில் மறுபடி சேர வேண்டும். லீவு இனி ஒரு நாள்கூடக் கிடையாது என்று தலைமையாசிரியர் கடிதம். அதற்குள் செல்வி டம்ளரில் பால் குடித்தாக வேண்டும். பத்து மாதம். தாய்ப்பால் தவிர வேறு எதற்கும் வாய் திறக்க மாட்டாள். பாட்டில், பாலாடை, ஸ்பூன், எல்லாம் தோல்வி.
இன்று ஐந்து முறை குடித்துக் காட்டினேன். ஐந்து முறையும் தட்டிவிட்டாள். பால் போச்சு, புடவையும் போச்சு.
வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய்.

7-6, வியாழன்
மறுபடி தட்டல். குழந்தை தாயைப் பார்த்தே முதலில் கற்கும் என்று பயிற்சிப் பள்ளித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவள் நான். எந்தத் தாயை?
இவள் கற்பதெல்லாம் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம். புருஷனுக்குக் கட்டுமரம். திங்கள் முதல் பகலில் அவள்தான் பார்த்துக்கொள்வாள். அவள் கை தட்டினால் செல்வியும் தட்டுகிறாள். நான் தட்டினால் கூரையைப் பார்க்கிறாள். கடன்காரி!

8-6, வெள்ளி
நான் படும் பாட்டைப் பார்த்துக் கஸ்தூரிக்குச் சிரிப்பு. "இன்னா டீச்சரம்மா, அண்ணாந்து ஊத்திக்கினா கொயந்தைக்கு இன்னா தெரியும்? வாய வச்சி குடி."
எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு படக் கூடாது. எச்சில். அதற்கே அடி வாங்கியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாய் வைத்துக் குடித்தேன். செல்வி கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தாள், இது சரிதானா என்பதுபோல. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.
கஸ்தூரி டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்து "ஆங்" என்றாள். செல்வியும் "ஆங்". அவள் ஒரு வாய், இவள் ஒரு வாய். அரை டம்ளர் காலி. அடுத்தவள் எச்சிலில், என் மகள். அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைத் தலைமுழுகிவிடுவாள்.
"நீ பாடம் நட்த்தற. அது 'ங்'னா நானும் 'ங்'ன்றேன், அவ்ளோதான்."
டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன்.

11-6, திங்கள்
முதல் பஸ். திருக்கழுக்குன்றம் வரை நின்றபடி. செல்வி அழவில்லை, கஸ்தூரி இடுப்பிலிருந்து டாட்டா காட்டினாள்.
பதினொரு மணிக்கு மூன்றாம் வகுப்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாய்ப்பாடு சொன்னேன். இந்நேரம் டம்ளரில் குடித்து முடித்திருப்பாள். மாட்டேன் என்று ஒரே ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது.