காலடியில் இல்லாத பிரேக்

அன்பு மகளுக்கு,

மேகத்துக்கு மேலே இருந்து உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகம்தான் இன்னும் தெரியவில்லை. பிரசவ ஆபரேஷனைத் திடீரென்று இன்றைக்கே வைத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னபோது, நாங்கள் விமானம் ஏற வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்குமாம். இங்கே இருந்து போன் பண்ணவும் வழியில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். நீ கண் விழித்ததும் படிக்கலாம்.

உன் அப்பா பண்ணுகிற கூத்தைச் சொல்லி மாளாது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷர், அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் எப்படி உட்காருவார் என்று உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துக்குப் போன வேனில், வழியெல்லாம் வலது காலால் தரையை மிதித்து இல்லாத பிரேக்கைப் போட்டுக்கொண்டே வந்தாரே, அதே கதைதான் இங்கேயும். ஏறினதும் இதை யார் ஓட்டுவது என்று கேட்டார். பணிப்பெண் மூடிய கதவைக் காட்டினாள். முகத்தைக் காட்டாத ஆளை நம்பி எப்படிம்மா உட்கார்றது, ராத்திரி ஒழுங்காத் தூங்கினாரான்னாவது கேட்டுட்டு வா என்றார். அவளும் சிரிக்காமல் உள்ளே போய் வந்து, நன்றாகத் தூங்கினாராம் என்றாள். மகராசியாக இருக்கட்டும். எனக்குத்தான் மானம் போயிற்று.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று டாக்டர் சொன்னதில் இருந்தே அவருக்கு ரோஷம். எங்க வம்சத்துல எவனும் வண்டியைக் குறுக்கே போட்டதில்ல, இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் பழக்கம் என்கிறார். இதை மாப்பிள்ளையிடம் சொல்லித் தொலைக்காதே.

விமானம் கிளம்பியதும் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார். பரவாயில்லையே என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ஆண்டவனே, நேராப் போ, டாக்டரம்மா கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, என் பொண்ணுக்கு ரத்தம் கம்மி, அந்த இடத்துல மெதுவா வளை, அவசரப்படாதே என்று வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்க கும்பிடுறீங்களா, கடவுளுக்கே டிரைவிங் சொல்லிக் கொடுக்கறீங்களா என்று கேட்டுவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பாடு வந்தபோதும் பேசவில்லை. ஆனால் என் தட்டில் இருந்த ரொட்டியையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அப்புறம் விமானம் ஆட ஆரம்பித்தது பார்! குலுக்கல் என்றால் அப்படி ஒரு குலுக்கல். பின்னால் யாரோ அலறினார்கள். உன் அப்பா இரண்டு காலாலும் மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி நிற்கிற வழியாக இல்லை. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். என் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல என்று கேட்டார். விமானத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. என் இன்னொரு கையையும் அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஆட்டம் அடங்கினதும் முன்னால் இருந்த அந்த மூடிய கதவையே பார்த்தார். பிறகு, என் முதுகுக்குப் பின்னாடி எத்தனை பேர் தூங்கியிருக்காங்க, அதுல ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்திருப்பாங்களா என்றார். சின்ன வயசில் அவர் பஸ்ஸில் நீயும்தான் தூங்குவாய், ஞாபகம் இருக்கிறதா? மலை வளைவில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அவர் சீட்டுக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாய். அதைத்தான் அவரும் நினைத்திருப்பார் போல. மறுபடி கண்ணை மூடினார். சரிப்பா, நீயே ஓட்டு, நான் பின்னாடி உக்காந்துக்கறேன் என்றார். இந்தத் தடவை அவ்வளவுதான் பிரார்த்தனை. கொஞ்சம் பொறுத்து, வளைவுல மட்டும் ஹாரன் அடிச்சிடு என்று சேர்த்துக்கொண்டார். பழக்கதோஷம், அது எங்கே போகும்?

இப்போது குறட்டை. செருப்பு கழன்று ஒரு பக்கம் கிடக்கிறது, கால் ஒரு பக்கம் கிடக்கிறது.

அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதியவள், என் பாதம் ஏன் இப்படி மரத்துப்போயிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஏறினதில் இருந்து என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

காலை எடுத்துவிட்டேன், கண்ணு. ஓட்டுகிறவர் கையில் உன்னை விட்டுவிட்டேன். உன்னையும் உன் பிள்ளையையும் அவர் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குவார். இரண்டு பேரும் நூறு வயசு இருங்கள். நாங்கள் வரும்போது நீ எழுந்து உட்கார வேண்டாம், பேசவும் வேண்டாம். கண்ணை மட்டும் திறந்து எங்களைப் பார், அம்மாடி.

உன்னிடம் வந்துகொண்டே இருக்கும்,
அம்மா