தலைக்கு ஊற்றாத நாற்பது நாள்

உசிலம்பட்டி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் திவ்யாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, இரண்டு பசுக்கள் எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று டாக்டரே சொல்லிவிட்டதால் அதை உன்னிடம் புதிதாக விசாரிக்கவில்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் வீட்டுக்கே கேட்கிறது. அதனால் வந்த கூத்தைத்தான் எழுதப் போகிறேன். இன்றைக்குக் காலையில் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று நீ சிரித்தாய் அல்லவா, அதன் காரணமும் இதில் இருக்கிறது.

போன ஞாயிறு நீ பேசியபோது உன் தங்கப்பொண்ணு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து எழுந்தால் தலை சுத்துது, கண்ணைக் கட்டிக்கிட்டு வருது என்று நீ சொன்னாய். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நான் பதறிப்போய், தலைக்கு ஊத்துனியாடி என்று கேட்டேன். மாதவிலக்கு வந்ததா என்பதைத்தான் இந்த ஊர் அப்படிக் கேட்கும். மூன்று மாதம் வெளிமாநிலப் பிள்ளைகளோடு மலையில் ஓட்டப் பயிற்சி முகாமில் இருந்ததில் உனக்கு அது மறந்துபோயிருக்கிறது. நாப்பது நாளாச்சும்மா, இங்க எவளும் ஊத்துறதில்ல, கோச்சே ஊத்த வேணாம்னுட்டாரு என்றாய். அதோடு லைன் போய்விட்டது. குளிர், அதனால் தலை குளிப்பதில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த உன் அப்பா வாளியோடு உள்ளே வந்து, எவளுமேவா என்று கேட்டார்.

அத்தைக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. எந்திரிச்சா தல சுத்துதுங்கிறா, முழுகி நாப்பது நாளுங்கிறா, இன்னும் என்ன வெளக்கம் வேணும் ஒனக்கு, ஓட்டத்துக்கு அனுப்புறேன் ஓட்டத்துக்கு அனுப்புறேன்னு அனுப்புனேல்ல என்று ஆரம்பித்துவிட்டாள். ஒடனே கூட்டியாந்து எம்மகன் கையில குடுத்துருங்க, நம்ம பிள்ளை மானத்த நாமதேன் மூடணும் என்று பெருந்தன்மை வேறு. அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்த அவள் மகன் செல்வக்குமார், ஏம்மா, அவளுக்குத் தல சுத்துனா டாக்டரப் பாக்கணும், என்னைய எதுக்கு மாத்திரை மாதிரி எடுத்துக் குடுக்குற என்றான். அந்த வீட்டில் அவன் ஒருத்தனுக்குத்தான் மூளை இருக்கிறது. உன் அப்பா அவன் பேச்சைக் கேட்கவில்லை. உன்னைக் கூட்டிவர, செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்தார். கிடைத்தது உன் தேர்வு ஓட்டத்துக்கு முந்தின நாள் அங்கே வந்து சேருகிற மாதிரிதான்.

நானும் நம்பினேன் திவ்யா. அதை உன்னிடம் மறைத்துவிட்டு நல்ல அம்மாவாக நடிக்க எனக்கு இஷ்டமில்லை. உன் வயதுப் பையன் ஒருத்தன் தலை சுத்துது என்றால் வெயிலில் நின்றாயா என்பார்கள். பெண் சொன்னால் எவன் என்பார்கள். இருபது வருஷமாக இந்த ஊர்க்காரர்களை இதற்காகத் திட்டிக்கொண்டிருக்கிற நானே அன்றைக்கு அந்த வரிசையில் போய் நின்றேன்.

கே.கே. நகர் கிளினிக்கில் டோக்கன் போடுகிற வேலைக்கு மறுநாளும் போனேன். கூட்டம் குறைந்ததும் டாக்டர் அப்சானாவிடம், தெரிந்த பிள்ளை ஒன்றுக்கு இப்படி இருக்கிறது என்று இழுத்தேன். அந்தத் தெரிஞ்ச பிள்ளை திவ்யாதானே அக்கா, ஒரு நாளைக்கு எம்புட்டு ஓடுறா என்று கேட்டார். நீ அனுப்பியிருந்த பயிற்சி அட்டைப் படத்தைப் போனில் காட்டினேன். காலை நாடி நாற்பத்திரண்டு என்று இருந்தது. இம்புட்டு ஓடுறவங்களுக்கு இதயம் நிதானமாத்தான் அடிக்கும், சட்டுனு எந்திரிச்சா ரத்தம் காலுக்கு இறங்கிரும், அது தலைக்கு ஏறக் கொஞ்சம் பிந்தும், அதுதான் சுத்துது என்றார். தண்ணீரும் உப்பும் சாப்பாடும் குறைந்தால் இன்னும் சுத்துமாம். பிறகு, பீரியட்ஸ் வந்துச்சான்னு நேரா கேட்டீங்களா அக்கா என்றார். தலைக்கு ஊத்துனியா என்று நான் கேட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

முகாமில் ஞாயிறு மட்டும்தான் போன் தருவார்கள் என்பதால் அதுவரை காத்திருந்தேன். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பீரியட்ஸ் வந்துச்சாடி என்று உன்னிடம் கத்தினேன். உனக்கு இருபத்திரண்டு வயதாகிறது, அந்த வார்த்தையை உன்னிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். பத்து நாள் முன்னாடிதான் வந்துச்சு, என்னம்மா ஆச்சு ஒனக்கு என்று நீ சிரித்தாய். வீட்டுக்கு வந்து அதே வார்த்தையை உன் அப்பா முன்னாலும் அத்தை முன்னாலும் சொன்னேன். ச்சீ, ஆம்பளைக இருக்கிற எடத்துல என்ன பேச்சு என்றாள் அத்தை. வயித்துல பிள்ளைன்னு அதே ஆம்பளைகிட்டச் சொல்லும்போது கூசலையா மதினி என்று கேட்டேன். நான் கொடுத்த கீரையைக்கூட வாங்காமல் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள், கவலைப்படாதே.

இனி டாக்டர் சொன்னது. படுக்கையிலிருந்து துள்ளி எழாதே. ஓரமாக உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழுந்திரு. ஓடி முடித்ததும் சட்டென்று நிற்காமல் நட. வெந்நீரில் குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொள். குளிரில் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடி. எடை கூடும் என்று சோற்றைக் குறைத்தாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மாதவிலக்கு நின்றாலும் தள்ளிப்போனாலும் முகாம் டாக்டரிடம் சொல், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாம். ஓட்டத்துக்கு முன்னால் ஒரு ஈசிஜியும், ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்றும் பார்த்துவிடு. ஓடும்போதே மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அது வேறு விஷயம், அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மெடல் முக்கியம் என்று எவர் சொன்னாலும் கேட்காதே, உன் கோச் சொன்னாலும்.

உன் அப்பாவிடம் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். மாட்டேன் என்றார். டாக்டரம்மா உப்புச் சேக்கச் சொல்லிருக்குல்ல என்று தானே ஆட்டுக்கறி வாங்கிவந்து உப்புக்கண்டம் போட்டு மாடியில் காயவைத்துக் காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் மறுபடி கேட்டதும், அவ ஓடி நான் ஒருவாட்டிகூடப் பாத்ததில்ல செல்லத்தாயி என்றார். நானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காக்காய் ஓட்டப் போனேன்.

நல்ல உடம்போடும் நல்ல மூச்சோடும் நீ நினைத்த தூரமெல்லாம் ஓடு, உன் பேரைச் சொல்லி நான் நன்றாகத் தூங்குகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கூட்டிட்டு வாரேன் என்று அத்தையிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டுத்தான் உன் அப்பா புறப்படுகிறார். உன்னிடமும் அப்படித்தான் ஆரம்பிப்பார். பதில் சொல்லாதே. எந்தப் பக்கம் நின்றால் நீ ஓடுவது நன்றாகத் தெரியும் என்று காட்டிவிட்டு, கோட்டுக்குப் போய் நில்.

உன் அம்மா,
கா. செல்லத்தாய்