நண்டு கதவடைத்த நண்பகல்

அண்ணாமலை நகர்,
3.8.2008

கண்ணு எழிலரசிக்கு,

முந்நூறு ஆய்வேடுகளைப் பெற்றெடுத்த (பைண்டிங் செய்தாலும் பெற்ற மாதிரிதான்) ஜெராக்ஸ் கடைச் சக்கரவர்த்தி மணவாளன் மாமா ஆசீர்வதித்து எழுதுவது. இதுவரை எவரும் நம்பாத, இனியும் எவரும் நம்பப்போகாத ஒரு கதையை, சூடாக இருக்கும் ஜெராக்ஸ் மெஷின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் உன் வழக்கு. யாருமே செய்யாத தலைப்போடு வந்தால்தான் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அனுப்புவேன் என்கிறார் உங்கள் ஆரோக்கியம்மாள் டீச்சர். சோலார் அடுப்பு பழசு, மழைநீர்த் தொட்டி அதைவிடப் பழசு. போன வருஷம் சிவசங்கரின் எரிமலைக்குப் பின்னால் குனிந்து சோடா உப்புப் போட்டவள் நீ. இந்த வருஷமாவது முன்னால் நிற்க வேண்டும் என்று உன் கடிதத்தில் எழுதிய இடத்தில் மை கலைந்திருந்தது. மழையா அங்கே?

கதை இதுதான். உன் அம்மாவுக்குக் கல்யாணமாகி, அவளைக் கடலூரில் கொண்டுவந்து விட்டவன் நான். திரும்பும் வழியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து அழுதேன். என் கண்ணீரால் கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். அப்போது உச்சி வெயில். கரையில் இருந்த லட்சம் நண்டுகளும் என் அழுகை தாங்காமல் ஆளுக்கொரு மண் உருண்டையை இழுத்து, வளை வாசலைப் படார் படாரென்று சாத்திக்கொண்டன. "போடா அழுமூஞ்சி" என்று ஒரு கிழநண்டு திட்டியது.

எடுத்துக்கொள், இது உன் தலைப்பு. உலகில் ஒருவனும் செய்திருக்க மாட்டான்.

மாமா,
மணவாளன்

கடலூர்,
18.8.2008

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மா செல்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதால் இதுவும் கடிதம்தான்.

உங்கள் பொய்யைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் போன வாரம் என் தோழி பொன்னியோடு கடற்கரைக்குப் போனேன். மாமா, நண்டு நிஜமாகவே வாசலை அடைக்கிறது! வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக உள்ளே போய் மண்ணை இழுத்து மூடிக்கொண்டது. நான் அழவே இல்லை.

"இது தெனம் நடக்கறதுதாண்டி, இதுக்குப் போயி வாயப் பொளக்கற?" என்றாள் பொன்னி. அவள் வீட்டு வலை காய்கிற இடமே அதுதான். ஆனாலும் என்னோடு வெயிலில் நின்று ஒவ்வொரு வளைக்கும் அடையாளக் குச்சி நட்டாள்.

டீச்சர் முதலில், "எந்த புக்குல இருக்கு?" என்றார். "எங்க மாமா சொன்னாரு மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆனால் எல்லாரும் போன பிறகு கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு. செய்யி" என்றார். நோட்டீஸ் போர்டில் என் பெயர்! அப்பா நின்று படித்துவிட்டுப் போனாராம்.

மண்ணுக்குள் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். உங்கள் கடைக்கு வரும் புரொபசரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். வராமல் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
எழில்

அண்ணாமலை நகர்,
25.8.2008

கண்ணு எழிலுக்கு,

தெர்மாமீட்டர் கேட்கப் போனேன். எதற்கு என்றார் புரொபசர். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"யோவ் மணவாளா, இது நம்ம ஸ்டூடண்ட் ராபர்ட்டோட ஆய்வேடாச்சே! நீதானய்யா பைண்டிங் பண்ண? நண்டு படத்த தலைகீழா வெச்சி ஒட்டி, திரும்பப் பிரிச்சியே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கம் அடுக்கும்போது ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே என்று படிக்கிறவன் நான். எது கண்ணால் பார்த்தது, எது பசை தடவும்போது படித்தது என்பது எனக்கே கலந்துபோய்விட்டது. அன்று நான் கடற்கரைக்கே போகவில்லை, எழில்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் உங்கள் கண்காட்சிக்கு நடுவராக வரப்போவதே அந்தப் புரொபசர்தானாம். அவர் முன்னால் நீ தலைகுனிந்து நிற்கக் கூடாது. டீச்சரிடம் நீயே சொல்லிவிடு.

வேறு தலைப்பு யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எதை எடுத்தாலும் நான் அட்டை போட்டதாகவே இருக்கிறது.

மாமா

கடலூர்,
1.9.2008

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். டீச்சர் திட்டவில்லை. "வேற யோசிக்க நாள் இல்லம்மா" என்றார். நோட்டீஸ் போர்டில் இப்போது சிவசங்கரின் காற்றாலை இருக்கிறது. பின்னால் நின்று டேபிள் ஃபேன் சுவிட்ச் போடும் வேலை எனக்கு.

பொன்னி உங்களுக்குச் சொல்லச் சொன்னாள்: "ஒங்க மாமாவ ஒருநாள் உச்சி வெயில்ல இங்க வந்து நிக்கச் சொல்லு."

எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையில் உங்களுடையது என்று ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் பதில் போட வேண்டாம்.

எழில்

அண்ணாமலை நகர்,
5.9.2008

எழிலுக்கு,

நண்டு ராபர்ட்டுடையது. கெடிலத்து வெள்ளம் பொய். கிழநண்டு திட்டியதும் பொய்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நான் அழுதேன். கடற்கரையில் இல்லை, சிதம்பரம் பஸ்ஸில், ஜன்னலோரம். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். எனக்கு வாயில் ஊர்ப் பெயர் வரவில்லை. அவராகவே சிதம்பரத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, புதுச்சத்திரம் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

முந்நூறு ஆய்வேட்டிலும் இதை எவனும் எழுதவில்லை. உனக்குத்தான் உதவாது.

மாமா