சூரியனுக்கு ஏழு பாகை மேலே

நிலவு, தென்முனைத் தளம். நாள் 212, 09:10
பதிவு: ரஞ்சிதம், வயது 16, துப்புரவுப் பிரிவு. சூரியப் பலகைகள் நாற்பது துடைத்தாயிற்று. சூரியன் மேட்டுக்குப் பின்னால் போனதும் பழைய கேமராவில் பத்துப் படம் எடுத்தேன். நேற்று இல்லாத ஒரு புள்ளி, சூரியனுக்கு ஏழு பாகை மேலே. பூமியில் சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் பகல் வெளிச்சம் மறைத்துவிடும். யாரும் பார்க்க முடியாது. இங்கே வானம் எப்போதும் கறுப்பு. சூரியனை எதுவாவது மறைத்தால் போதும். வெடித்த விண்மீன் என்று நினைக்கிறேன். நோவா.

நாள் 212, 11:25
ரேடியோவில் பேச எனக்கு வராது. படங்களைக் கொடைக்கானல் நோவா குழுவுக்கு எழுதி அனுப்பினேன். அதை நடத்தும் தணிகாசலம் சார் பதில்:
"பாப்பா, பத்துப் படத்துலயும் புள்ளி ஒரே இடத்துல நிக்குது. சென்சார்ல ஒரு பிக்சல் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். கேமராவ லேசா திருப்பி எடுத்திருக்கணும். விண்மீன்னா மத்ததோட சேந்து நகரும். ஒன்பதாவதோட நின்ன பிள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்!"
தெரியும். அவசரத்தில் மறந்தேன். தளத்தில் பள்ளி இல்லாததால் படிப்பு நின்றது. கண் நிற்கவில்லை.

நாள் 212, 12:45
கேமராவைக் கையால்தான் திருப்ப வேண்டும். அது இருக்கும் இடம் இருபது நிமிட நடை. 13:40க்குச் சூரியன் மேட்டைத் தாண்டிவிடும். பிறகு பத்து நாள் மறைவே இல்லை. அதற்குள் புள்ளி மங்கிவிடும். பார்த்ததற்கு யாரும் சாட்சி இல்லை.
அம்மா, பலகை பழுதுபார்ப்பவர், ரேடியோவில்: "ஏட்டி, ஒன் காத்து சிலிண்டர்ல பாதிதான் கெடக்கு. அந்தப் புள்ளி எங்க ஓடிரப்போவுது?"
விண்உடையின் மணிக்கட்டுப் பலகையில் எழுதினேன்: ஓடிரும்மா. அதான்.

நாள் 212, 13:15
திருகு உறைந்திருந்தது. பத்து நிமிடம் போயிற்று. திருப்பிவிட்டேன். முதல் படம் முழுக்க வெள்ளை. மேட்டில் ஒரு பிளவு உண்டு, அதைக் கணக்கில் சேர்க்க மறந்தேன். சூரியன் அதன் வழியே வந்துவிட்டது.
காற்று 35 நிமிடம். படங்களுக்குப் பதினைந்து. நடைக்கு இருபது.
இங்கே சூரியன் தரையை ஒட்டித்தான் வரும். கேமராவுக்குப் பதினைந்து அடி முன்னால் போய் நின்றேன். என் நிழல் அதன்மேல் விழுகிறது. புள்ளி என் தலைக்கு மேலே.
அசையமாட்டேன்.

நாள் 212, 13:22
நான்காம் படம். கால் மரத்துவிட்டது.
அம்மா: "போதும்டி, வா! சொன்னா கேக்கமாட்டியா?"
இன்னும் ஆறு.

நாள் 212, 13:33
பத்தும் கொடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தன. நகர்ந்திருக்கிறது. மற்ற விண்மீன்களோடு சேர்ந்து, அதே அளவு.
குரல் பொத்தானை முதல் முறையாக அழுத்தினேன். "சார், கெட்ட பிக்சல் நகராதுன்னீங்க. இது நகந்துட்டு. எழுதிக்கோங்க."
தணிகாசலம்: "எழுதிட்டேன் தாயி, உன் பேர்லயே எழுதிட்டேன். மொதல்ல உள்ள போ!"
அம்மா: "சிலிண்டரோட எதிர்க்க வாரேன். மூச்ச மெதுவா வுடு, ஏட்டி."
காற்று 17 நிமிடம். நடை 20 நிமிடம்.
இருபது, நடப்பவர்களுக்கு. நான் ஓடுகிறேன்.