மாத்திரையா, ஊசியா

மருமகளுக்கு,

நீ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு என் பிள்ளையை ஏற்றி அனுப்பினதை நான் மறக்க மாட்டேன். உன் கல்யாணத்தில் உன் அத்தை என்னை வாங்க என்று கேட்காததையே இன்னும் மறக்காதவள் நான். அது கிடக்கட்டும். ஆஸ்பத்திரியில் பார்த்ததை உனக்குச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு தாங்காது.

அங்கே போனதும் அவன் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, "கிட்ட வந்தா மண்டைய உடைப்பேன்" என்று கத்தினான். கட்டிப்போட்டுவிடுவார்களோ என்று நடுங்கிப்போனேன். ஒரு நர்ஸ் வந்தாள், உன் வயசுதான் இருக்கும். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கதவைத் திறந்தே வைத்தாள். எட்ட நின்றபடியே, "ரொம்ப பயமா இருக்கில்லண்ணா? மனசு அடங்க மருந்து இருக்கு. மாத்திரையா, ஊசியா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் நாலு ஆம்பளைகள் பிடித்தும் அடங்காதவன், ஸ்டூலைக் கீழே வைத்தான்.

"மாத்திரை கசக்குமா?"

"கசந்தா என்னைத் திட்டுங்க."

தானே கை நீட்டி வாங்கி விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் தோள் தளர்ந்து, முகம் தளர்ந்து, தூங்கியே போனான். அவள் அடிக்கடி வந்து அவன் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தனூண்டு மாத்திரைக்குள் இவ்வளவு அமைதியை யார் அடைத்து வைத்தார்களோ! பார்த்துப் பார்த்து எனக்கு மலைப்பு அடங்கவில்லை.

விழித்ததும் முதல் வார்த்தையாக, உன்னை நினைத்து, "அவளை அடிச்சிட்டேனாம்மா?" என்று கேட்டான்.

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். திட்டுவதானாலும் வந்து திட்டு. நான் குறுக்கே பேச மாட்டேன்.

கோபம் தீராத,
உன் மாமியார்